கிராமப் பல்கலைக்கழகமும் கிராமத்து மாணவனும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் யான் பிறந்த ஊராகிய அலங்காநல்லூருக்குச் சென்றிருந்தேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் நெல்லும் கரும்பும் பயிரிடும் உழவர். வயதில் மூத்தவராதலின் அவரை அண்ணன் என்று அழைப்பது என் வழக்கம். ஒருநாள் மாலை அவர் தம் இளைய மகனை உடனழைத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். பையன் மேல்நிலைப் பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தான். காந்திகிராமத்துக் கிராமியப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கூட்டுறவுப் பாடம் படிக்க விரும்பினான். தந்தையார் அதற்கு உடன்படவுமில்லை, முற்றிலும் மறுக்கவுமில்லை. அவர் என்னைக் கேட்டது இது:

"தம்பி, நீங்க காலேஜுல பாடஞ் சொல்றவரு. பட்டணத்துப் புள்ளைக்குக் கிராமத்தப் பத்திப் படிக்க வேண்டியிருக்கும், சரி. பொறந்ததுலயிருந்து வரப்புல நடக்குறவனுக்கு, கரும்பு வெட்டுறவனுக்கு, கிராமப் படிப்பு எதுக்கு?"

அப்பொழுது யான் சொன்னவை யாவும் சுற்றிவளைத்த மொழிகளே. செலவு குறைவு என்றேன். விடுதி உண்டு என்றேன். வீட்டிற்கு அண்மை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை என்பதை அவரும் அறிவார், யானும் அறிவேன். இறுதியில் பையனுடைய பிடிவாதமே வென்றது, அவன் சேர்ந்துவிட்டான். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. நம் கல்லூரி மாணவரிற் பெரும்பாலாரும் சிற்றூர்களிலிருந்து வருபவரே. ஆதலால் அவ்வுழவருக்குத் திண்ணையில் கூறத் தவறிய விடையை இவ்வாண்டு மலரில் எழுத முனைகின்றேன்.

முதற்கண் அப்பல்கலைக்கழகம் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். டாக்டர் சௌந்திரம், மதுரையில் பெரும் போக்குவரத்துத் தொழில் நிறுவிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் திருமகளார். இளமையிலேயே கைம்மை எய்தி, பின்னர் டில்லியில் மருத்துவம் பயின்றவர். சாந்திநிகேதனத்தில் கற்றுக் காந்தியடிகளின் வழி நின்ற ஜி. இராமச்சந்திரன் அவர்களை 1940-ஆம் ஆண்டில் மறுமணம் புரிந்தார். பெருநகர் எதிலும் புகழுடன் மருத்துவம் செய்திருக்கக் கூடிய அவ்வம்மையார், தம் கணவருடன் சின்னாளப்பட்டிக்கு அருகே சிறுமலையின் அடிவாரத்தைத் தேர்ந்து, 1947-ஆம் ஆண்டில் காந்திகிராமத்தை நிறுவினார். அங்கே தொடக்கத்தில் நிகழ்ந்தவை மகப்பேற்று மருத்துவம், ஆதாரக் கல்வி, கைத்தொழில் ஆகிய பணிகளே. பல்கலைக்கழகம் பின்னர் வந்தது. பிறவிடங்களிற் கல்லூரி முதலில் எழும், தொண்டு பின்னர் ஒட்டவைக்கப்படும். இங்கு அம்முறை தலைகீழாயிற்று. இதனை நினைவிற் கொள்க.

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ஆம் ஆண்டில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், நாட்டு மக்களிற் பெரும்பாலார் ஊர்ப்புறங்களில் வாழ, உயர்கல்வியோ நகரங்களையே நோக்கி நிற்பதை எடுத்துக்காட்டிக் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. அக்குழுவில் ஆர்தர் மார்கன் என்னும் அமெரிக்கர் ஒருவர் இருந்தார். அவர் அணை கட்டும் பொறியாளர். அதனுடன், மாணவர் படிப்பும் தொழிலுமாக மாறிமாறிப் பயிலும் முறையை ஆண்டியாக் கல்லூரியில் ஓங்கச் செய்தவர். கிராமப் பல்கலைக்கழகம் பற்றிய கருத்தில் அவர் கை பெரிது. பின்னர் 1956-ஆம் ஆண்டில் மத்திய அரசு கிராம உயர்கல்விக்கென ஒரு தேசியக் குழுவை அமைத்து, நாடெங்கும் கிராமிய உயர்கல்வி நிலையங்களைத் தொடங்கிற்று. அவை நாளடைவில் 14 ஆயின. தமிழகத்தில் காந்திகிராமமும் கோயமுத்தூரையடுத்த பெரியநாயக்கன்பாளையமும் அவற்றுட் சேர்ந்தன. வங்கத்துச் சிறீநிகேதனும் குசராத்துச் சணோசராவும் கேரளத்துத் தவனூரும் அவ்வரிசையினவே.

இந்நிலையங்களில் மூன்றாண்டு பயின்றோர்க்குக் கிராமப் பணிப் பட்டயம் அளிக்கப்பட்டது. பட்டயமேயன்றிப் பட்டம் அன்று. இச்சிறு வேறுபாடே அம்மாணவர்க்குப் பெருந்துன்பமாயிற்று. அரசு அதனைப் பட்டத்திற்கு நிகர் என்று கூறினும், மேற்படிப்பிற்குச் சென்றபோது பல்கலைக்கழகங்கள் பல அதனை ஏற்கத் தயங்கின. சாணமும் மண்ணும் சுமந்து, கிணறு வெட்டி, கூட்டுறவுக் கணக்கு எழுதி மூன்றாண்டு பயின்றவன், உன் படிப்புப் படிப்பாகுமா என்று கேட்கப்பட்டு வாயிலில் நின்றான். அவன் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! 1844-ஆம் ஆண்டு முதல் டென்மார்க்கு நாட்டில் எழுந்த மக்கட் பள்ளிகளில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. குடியானவர் பிள்ளைகள் அங்கே பயின்று மீண்டும் பண்ணைக்கே திரும்பினர். அந்நாட்டில் நிலம் உடைய உழவனுக்குத் தன் தொழிலில் வாழ்வு இருந்தது. நம் நாட்டில் பட்டம் என்பது வேலைக்கு வாயில். வாயிலை அடைத்துவிட்டு உள்ளே வருக என்றால் எவன் வருவான்? ஆதலால் அந்நிலையங்களிற் பல வழக்கமான கல்லூரிகளாக மாறின. சில பிற பல்கலைக்கழகங்களில் அடங்கின. காந்திகிராமம் மட்டும் 1976-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தன் பெயருடன் நிலைபெற்றது.

இதனை வெற்றி என்றே யான் கருதுகின்றேன். எனினும் அவ்வெற்றியுடன் ஓர் இடரும் வந்தது. பிற பல்கலைக்கழகங்களைப் போல் ஆனாலன்றி மதிப்பில்லை என்று உலகம் கற்பித்தது. அப்பாடத்தை மாணவர் மிக விரைவிற் கற்றுக்கொள்கின்றனர். ஊர்ப்புறத்துக் கல்லூரி எதிலும் பயிலும் பிள்ளைகள், எங்கே படிக்கின்றாய் என்று மதுரை இரயிலில் எவரேனும் கேட்டால், கிராமம் என்னும் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். நம் கல்லூரி மாணவர் அவர்களைக் காட்டிலும் உயர்ந்தவர் என்று எண்ணிவிட வேண்டா. நம்மவருள்ளும் தம் ஊரின் பெயரைக் கூறாது, மதுரைப் பக்கம் என்று மொழிபவர் உளர். அலங்காநல்லூர் என்றால் மட்டும் சல்லிக்கட்டின் பொருட்டு ஒரு பெருமிதம்!

எதிர்வீட்டு அண்ணனுடைய மகனைச் சேர்ப்பதற்கு யானும் உடன் சென்றேன். வாடிப்பட்டி சென்று பேருந்து மாறி, வலப்புறத்தே சிறுமலை தொடர்ந்து வர, கொடைக்கானல் சாலை நிலையத்தைக் கடந்து போதல் வேண்டும். எங்கள் ஊர்க்காரர் வடக்கே நோக்கும் அதே மலையை அங்கிருப்பார் கிழக்கே நோக்குகின்றனர். ஒரே மலையின் இருபுறத்தார் ஒருவரை ஒருவர் அறியாதிருத்தல் வியப்பே. கதர் உடுத்தலும், எல்லாச் சமயத்தாரும் கூடி வழிபடுதலும் அங்கு நெடுநாள் வழக்கங்கள். ஊர்ப்பூசலிலும் இடர்க்காலத்திலும் உதவும்பொருட்டு மாணவரைப் பயிற்றும் சாந்தி சேனை என்னும் அமைப்பு அங்கே தோன்றியது. சிறிய கலாசாலைகளுக்குரிய நலமும் குறையும் அங்குக் காணலாம். ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி அழைக்கின்றார். ஆதலால் மாணவன் வகுப்பிற்கு வாராதிருத்தலும் அரிது. மாலையானால் சின்னாளப்பட்டிக் கடைத்தெருவும் திண்டுக்கல் பேருந்துமே உலகம். முதல் மாதத்தில் பையன் நாள்தோறும் தொலைபேசியில் வீட்டாருடன் பேசினான் என்றும், நான்காம் மாதத்தில் வீட்டார் அழைத்தாலும் எடுப்பதில்லை என்றும் அண்ணன் குறைப்பட்டார். அது கவலைக்குரியதன்று என்று சொன்னேன்.

இனி அவருடைய கேள்விக்கு வருவோம். கரும்பு வெட்டுகிறவனுக்குக் கிராமப் படிப்பு எதற்கு?

எங்கள் ஊரிற் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. சுற்றுப்புறத்து உழவர் அதன் அங்கத்தினர். பல்லாண்டு கரும்பை அரைத்த அவ்வாலை பின்னர் அரைவையை நிறுத்திற்று; உழவர் அதனைத் திறக்கக் கோரி நாட்கணக்கிற் போராடினர். எதிர்வீட்டு அண்ணனும் அப்பந்தலில் அமர்ந்தவரே. அவர் கரும்பின் ஒவ்வொரு கணுவையும் அறிவார். எந்த மண்ணில் எது பருக்கும், வெட்டு உத்தரவு தாமதித்தால் எத்துணை எடை குறையும் என்பதைத் தராசின்றியே கூறுவார். ஆயின் அரசு அறிவிக்கும் விலை சர்க்கரைக் கட்டுமானத்தைப் பொறுத்தது. நூறு கிலோக் கரும்பிலிருந்து எத்தனை கிலோச் சர்க்கரை எடுக்கப்படுகின்றதோ அதுவே கட்டுமானம். அதனை அளப்பது ஆலை, உழவர் அல்லர். கரும்பு காயக் காய அது இறங்கும். பழைய எந்திரம் சாற்றைச் சக்கையிலேயே விட்டாலும் இறங்கும். இதில் எது எவர் குற்றம், ஆலையின் கடன் எவ்வாறு ஏறிற்று, அங்கத்தினராகிய தமக்கு அக்கணக்கைக் கேட்கும் உரிமை எதுவரை உண்டு என்பவற்றை அவர் அறியார். அவர் அங்கத்தினர் என்பதற்கு வீட்டில் ஒரு தாள் இருக்கின்றது, அவ்வளவே. நகரத்து வணிகவியற் பட்டதாரியோ கணக்கைப் படிப்பான். வெட்டிய கரும்பு வண்டியில் இரண்டு நாள் நின்றால் என்னாகும் என்று அறியான். இவ்விரண்டையும் ஒரு தலைக்குள் வைக்கவே கிராமப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. அண்ணனின் மகன் கூட்டுறவு படிக்க விழைந்தது தற்செயலன்று என்றே நினைக்கின்றேன். அவன் அப்பந்தலுக்குத் தந்தைக்குச் சோறு கொண்டுபோனவன்.

இது விடையின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் கடியது. அதனைத் திண்ணையில் அவரிடம் கூற எனக்குத் துணிவு வந்திராது.

கிராமத்திற் பிறந்தவன் கிராமத்தை அறிவான் என்பது மெய்யன்று. அவன் தன் தெருவை அறிவான். தன் உறவினர் வயலையும், தான் குளிக்கும் கிணற்றையும், தான் நிற்கும் மந்தையையும் அறிவான். அதற்கு அப்பாலுள்ள தெருவிற்குச் செல்லாதவாறு அவனை எவரும் கயிற்றாற் கட்டவில்லை, எனினும் செல்வதில்லை. யான் பதினேழு ஆண்டு எங்கள் ஊரில் வளர்ந்தேன். எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த அம்மையார் ஒருவரின் குரலை இன்றும் அறிவேன். அவர் வீட்டு வாயிலை ஒருநாளும் கண்டதில்லை. இதனைக் குற்றமாக அக்காலத்தில் உணர்ந்ததுமில்லை. சொந்த ஊரில் ஒவ்வொருவனுக்கும் ஓர் இடம் பிறப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றது. அங்கிருந்து பார்த்தால் தெரிவன தெரியும், மறைவன மறையும்.

காந்திகிராமத்து மாணவர் சிற்றூர் ஒன்றிற் சில நாட்கள் தங்கி, வீடு வீடாகச் சென்று அவ்வூரை ஆராய்தல் அங்குப் பாடத்தின் ஒரு பகுதியாக உள்ளது. நகரத்துப் பிள்ளைக்கு இது ஊரைக் காட்டும் பாடம். அலங்காநல்லூர்ப் பிள்ளைக்கோ இது வேறொன்று. அவன் முதன்முறையாகத் தனக்கென ஒரு தெரு இல்லாத ஊரில் நிற்கின்றான். கையிலுள்ள வினாத்தாள் எல்லாத் தெருவிற்கும் போகச் சொல்கின்றது. எவ்வீட்டுத் திண்ணையிலும் அமரவேண்டும். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவேண்டும். நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றனர் என்று கேட்கவேண்டும். தன் ஊரிற் கேட்கத் தோன்றாதவற்றை அயலூரிற் கேட்டுவிட்டுத் திரும்புகின்றான். கிராமத்தானைக் கிராமத்தில் ஒருமுறை அயலானாக நிறுத்துவதற்கு வேறு எந்தக் கல்லூரியும் வழி செய்யவில்லை. அவ்வுழவருக்கு யான் சொல்ல வேண்டிய விடை இதுவே.

ஆயின் இவ்வரிய பாடம் பல இடங்களில் எவ்வாறு வீணாகின்றது என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. 1969-ஆம் ஆண்டில், காந்தியடிகளின் நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்று ஏழு நாள் முகாம் நடத்தாத கல்லூரி அரிது. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்கு ஒரு கல்லூரி மாணவர் முகாம் வந்ததை அருகிருந்து கண்டேன். எக்கல்லூரி என்பது இங்கு வேண்டா, நம்முடையதாகவும் இருந்திருக்கலாம். முள்ளை வெட்டினர், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தனர், தூய்மை பற்றிச் சொற்பொழிவாற்றினர், ஐம்பது மரக்கன்றுகளை நட்டுப் படம் எடுத்துக்கொண்டனர். பிரிவு விழாவில் ஒரு மூதாட்டியார் எழுந்து, "எல்லாஞ் சரி தம்பிகளா, நீங்க போனப்புறம் இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்றார். அனைவரும் நகைத்தனர். ஆடியில் யான் மீண்டும் சென்றபோது குழிகள் மட்டுமே இருந்தன; ஒரு கன்றை மட்டும் அம்மூதாட்டியார் தம் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றிக் காத்திருந்தார்.

மாணவர் வந்து தங்கியதை எங்கள் ஊர் வேறு முறையிலும் கண்டதுண்டு. உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் சல்லிக்கட்டைத் தடுத்த பின், 2017-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் இளைஞரும் மாணவரும் வாடிவாசலருகே இரவு பகலாக அமர்ந்தனர். வீட்டுக்கு வீடு சோறு வடித்து அவர்களுக்கு இட்டோம். முன்பின் அறியாத பிள்ளைகளை இன்னார் என்று கேளாது உள்ளே அழைத்த நாட்கள் அவை. அவசரச் சட்டம் வந்தது, பின்னர்ச் சட்டம் நிறைவேறியது, பிப்ரவரியில் மாடுகள் அவிழ்த்துவிடப்பட்டன. அம்மாணவர் செய்ததை யான் சிறிதும் குறைத்துப் பேசேன். எனினும் ஆலைக்காக உழவர் பந்தலில் அமர்ந்திருந்த நாட்களில் அவ்வழியே சென்ற யான், அப்பந்தலில் மாணவர் ஒருவரையும் காணவில்லை. மாட்டிற்காக வந்தவர் கரும்பிற்காக வாராமைக்குக் காரணம் அன்பின்மை அன்று. மாட்டைப் பார்த்தவுடன் விளங்கும். கரும்பின் கணக்குப் படித்தாலன்றி விளங்காது.

ஆதலால் கிராமியப் பல்கலைக்கழகத்தாருக்கும், முகாம் நடத்தும் நம்போன்ற கல்லூரியினருக்கும் என் விண்ணப்பம் உண்டு. மாணவன் படிக்கும் ஆண்டுகள் அனைத்திலும் ஒரே ஊருக்குச் செல்லட்டும். முதலாண்டில் அவன் விருந்தினன்; ஊரார் நல்லதையே சொல்வர். இரண்டாம் ஆண்டில்தான் கடன் எவ்வளவு என்பது வாய்க்கு வரும். மூன்றாம் ஆண்டில் மந்தையில் அவனைக் கண்டால், சென்ற முறை எழுதிக்கொண்டு போனாயே, என்னாயிற்று என்று கேட்பர். அக்கேள்விக்கு ஆட்படாத படிப்பு ஊரைப் பற்றிய படிப்பு ஆகுமோ? இன்னொன்று. நம் கல்லூரிகள் பலவற்றில் இவ்வாய்வு அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, அட்டை கட்டப்பெற்று, துறை அலமாரியில் உறங்குகின்றன. எவ்வூரைப் பற்றியதோ அவ்வூர் மந்தையில் அது தமிழிற் படிக்கப்படுதல் வேண்டும். பிழையிருப்பின் ஊரார் அங்கேயே திருத்துவர். மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவர்கள் கையிலும் இருக்கட்டும். ஆசிரியராகிய எமக்கு இது சற்று இடையூறே. தேர்வாளர் குழுவில் எங்கள் எதிர்வீட்டு அண்ணனைப் போன்றவர் அமர்ந்தால், யாமும் எழுந்து விடை சொல்ல நேரும்.

இவ்வாறு செய்தால் வேலை கிடைக்குமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே, பட்டயம் பெற்று வாயிலில் நின்றவரின் கதையை மேலே கூறினேன். பட்டத்தின் மதிப்பைக் குறைக்க எவரும் சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ சர்க்கரை ஆலையிலோ அமரப்போகும் இளைஞன், எதிரே நிற்கும் உழவனின் பேச்சை விளங்கிக்கொள்ளும் பயிற்சியுடன் அமர்ந்தால் அவ்வலுவலகத்திற்கு இழப்பொன்றும் இல்லை.

இவ்வாண்டுப் பொங்கலுக்குப் பையன் ஊருக்கு வந்திருந்தான். தை மூன்றாம் நாள், சல்லிக்கட்டு முடிந்து மாடுகள் திரும்பிய பின், தந்தையும் மகனும் யானும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஆத்தூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் சில நாட்கள் தங்கி வந்ததைப் பையன் சொன்னான். ஊர்க்கோடித் தெருவில் ஒரு வீட்டில் வெயிலுக்கு மோர் கொடுத்தார்களாம். அவ்வீட்டம்மையார் அவன் எழுதுவதை நிறுத்தச் சொல்லி, முதலிற் குடி என்றாராம். எத்தெரு என்பதை அவன் விளக்கவில்லை, விளக்க வேண்டியிருக்கவுமில்லை. அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளிற் போட்டுக்கொண்டார்.

"குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன்ப்பா."

"உப்புப் போட்டிருந்தாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"வெயிலுக்கு நல்லதுதான்," என்று சொல்லி மாட்டிற்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.